கேளுங்கள் அக்கா: காவல்படையில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம் இலவசமா?

போன இதழில் ஃபாஃப்சா (கல்லூரிச் செலவுக்கு மத்திய அரசின் நிதியுதவி கேட்பது) விண்ணப்பத்தைப் பற்றி எழுதி முடிக்கும்போது, நேஷனல் கார்டு (தேசியக் காவல்படை), ரிசர்வ் என்று ராணுவத்தில் பகுதி நேரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு மாநில அரசுகள் தரும் படிப்புதவியை இன்னொரு நாள் பார்ப்போம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சு இவ்வளவு நடக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. இல்லினாயில் ஒரு சமுதாயக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த மேஜையில் தினமும் கையாளும் விஷயங்கள்தான்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாவது படிக்கிறான். அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கு வந்த ரெக்ரூட்டர் (படைக்கு ஆள் சேர்ப்பவர்), நேஷனல் கார்டில் சேர்ந்தால் நான்கு வருடமும் கட்டணமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவனுக்கு அதே பேச்சு. பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம், தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் சொன்னது உண்மையா, ஆள் பிடிக்கிற பேச்சா? எனக்குத் தூக்கமே இல்லை. (நேப்பர்வில் வாசகி)

பதில்: அம்மா, முதலில் மூச்சு விடுங்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், மீதிப் பாதிதான் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது.

இல்லினாயில் இதற்கென்றே ஒரு மாநில உதவித்தொகை இருக்கிறது, இல்லினாய் நேஷனல் கார்டு கிராண்ட் என்று பெயர். மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள், அரசு சமுதாயக் கல்லூரிகள் எதில் படித்தாலும் டியூஷனையும் குறிப்பிட்ட சில கட்டணங்களையும் அது கட்டிவிடும். (நம் ஊரில் டியூஷன் என்றால் சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போவது, இங்கே அது கல்லூரியின் படிப்புக் கட்டணம். இந்த ஒரு சொல்லால் குழம்பிய தாத்தா பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.) முழு நேரப் படிப்பு என்றால் எட்டு செமஸ்டர் அளவுக்குக் கிடைக்கும். குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். இவ்வளவும் உண்மை.

இப்போது மீதி. இந்த உதவி கேட்பதற்கு இல்லினாய் காவல்படையில் ஒரு முழு வருடம் சேவை முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகன் இந்த வசந்தத்தில் கையெழுத்துப் போட்டால், முதல் வருடக் கட்டணத்துக்கு இந்தக் காசு வராது, அதை நீங்கள் வேறு வழியில் கட்டியாக வேண்டும். ரெக்ரூட்டர் "நான்கு வருடமும்" என்று சொன்னதில் இந்த இடம்தான் விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், இது தனியார் கல்லூரிக்குக் கிடையாது, மாநிலத்துக்கு வெளியே உள்ள கல்லூரிக்கும் கிடையாது. விடுதி, சாப்பாடு, புத்தகம் எதையும் இது தொடாது. அர்பானாவில் உள்ளூர் மாணவருக்கு டியூஷன் மட்டும் வருடத்துக்கு 12,000 டாலருக்கு மேல், என்ஜினியரிங் என்றால் இன்னும் கூடுதல். விடுதியும் சாப்பாடும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்து நிற்கும். ஆக "இலவசம்" என்பது செலவில் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பாதி என்பதும் பெரிய தொகைதான், அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

விண்ணப்பத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். முழு வருடத்துக்கும் வேண்டுமென்றால் அக்டோபர் 1க்குள், இரண்டாம் செமஸ்டருக்கும் கோடைக்கும் என்றால் மார்ச் 1, கோடைக்கு மட்டும் என்றால் ஜூன் 15. பயிற்சிக்குப் போன பிள்ளை அக்டோபர் 1ஐக் கோட்டை விடுவது எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கிறது. அங்கே அவன் கையில் போன் இருக்காது, யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். வீட்டு நாட்காட்டியில் நீங்களே சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்தது அவன் கொடுக்கப்போவது என்ன என்பது. மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் என்று சொல்வார்கள். வழக்கமான ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடப் பொறுப்பு: ஆறு வருடம் டிரில்லுக்கு (அந்த மாதாந்திர வார இறுதிப் பயிற்சிக்கு) போக வேண்டும், மீதி இரண்டு வருடம் பெயர் பட்டியலில் இருக்கும், தேவையென்றால் கூப்பிடலாம். கல்லூரி நான்கு வருடம், ஒப்பந்தம் எட்டு வருடம். அவன் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ஒருவேளை கல்யாணப் பேச்சு நடக்கிற வயதிலும் இது அவன் கூடவே இருக்கும்.

அதற்கு முன்னால் பயிற்சி. அடிப்படைப் பயிற்சி சுமார் பத்து வாரம், பிறகு அவன் தேர்ந்தெடுக்கிற வேலைக்கான பயிற்சி. இது சில வேலைகளுக்கு நான்கைந்து வாரத்தில் முடியும், சிலவற்றுக்கு ஒரு வருடம் கூட ஆகும். களமருத்துவ உதவியாளர் என்றால் டெக்சஸ் சான் அன்டோனியோவில் பதினாறு வாரம். எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதில்தான் முதல் செமஸ்டர் கைக்கு வருமா தள்ளிப்போகுமா என்பது இருக்கிறது, அதனால் அந்தப் பயிற்சி எத்தனை வாரம் என்று கேளுங்கள். ஒரு கோடையில் அடிப்படைப் பயிற்சி, அடுத்த கோடையில் வேலைப் பயிற்சி என்று பிரித்துச் செய்யும் வழியும் உண்டு. அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது எதுவும் செல்லாது, தாளில் இருப்பது மட்டுமே செல்லும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை என்று பிறகு வருத்தப்படக் கூடாது. காவல்படையை வெளிநாட்டுப் போருக்கும் அனுப்புவார்கள். 2008-09இல் இல்லினாய் காவல்படையின் 33ஆவது காலாட்படைப் பிரிகேடு ஆப்கானிஸ்தானுக்குப் போனது, அதில் திரும்பி வராதவர்களும் உண்டு. 2024 ஜனவரி 28 அன்று ஜோர்டானில் ஒரு முகாம் மீது டிரோன் தாக்கியபோது இறந்த மூன்று பேரும் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ரிசர்வ் படையினர்தான். இருவருக்கு இருபத்தைந்து வயது கூட ஆகவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. படிப்புக்கான காசு என்று மட்டும் நினைத்து ஒரு பிள்ளை இதில் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகனை ஒரு நாள் தனியாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னால், அப்போதும் போவாயா?" அவன் "ஆமாம்" என்றால் கையெழுத்துப் போடுங்கள் அம்மா, பெருமையாகப் போடுங்கள். யோசித்தான் என்றால் அவனுக்கு 18 ஆகும்வரை காத்திருக்கலாம், அதற்குள் எதுவும் கெட்டுப்போகாது.

கேள்வி: அக்கா, என் மகள் ஒரு வருடமாக ஆர்மி ரிசர்வில் இருக்கிறாள். நியூ ஜெர்ஸியில் படைவீரர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் டியூஷன் தள்ளுபடி என்று நண்பர் சொன்னதை நம்பி விண்ணப்பித்தோம். தகுதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. அவளும் அதே சீருடைதானே போடுகிறாள்? (எடிசன் வாசகர்)

பதில்: சீருடை ஒன்றுதான், சம்பளப் பட்டியலும் ஒன்றுதான், மாதம் ஒரு வார இறுதி என்பதும் ஒன்றுதான். ஆனால் ரிசர்வ் முழுக்க மத்திய அரசின் படை, 1908இல் தொடங்கியது. நேஷனல் கார்டு எனும் தேசியக் காவல்படைக்கு இரண்டு எஜமானர்கள். போருக்கு ஜனாதிபதி கூப்பிடுவார். வெள்ளம், சூறாவளி, பனிப்புயல் வந்தால் மாநில ஆளுநர் கூப்பிடுவார் (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் முதலமைச்சர் மாதிரி). சாண்டி புயல் 2012இல் நியூ ஜெர்ஸிக் கரையைப் புரட்டிப் போட்டபோது வீடுகளிலிருந்து மக்களைத் தூக்கி வந்தவர்களில் அந்தக் காவல்படையினரும் இருந்தார்கள். மாநிலம் தன் காசைத் தனக்காக வருகிறவர்களுக்குத்தான் ஒதுக்குகிறது. அதனால்தான் நாடு முழுக்க "மாநிலப் படிப்புதவி" என்று காதில் விழுவதில் பெரும்பாலானவை காவல்படைக்கு மட்டும், ரிசர்வுக்கு இல்லை. இது உங்கள் மகளின் சேவைக்கு மதிப்பில்லை என்று சொல்வதாக ஆகாது, ஆனால் அந்த ஒரு வரிப் பதில் அப்படித்தான் வலித்திருக்கும், புரிகிறது.

நியூ ஜெர்ஸியில் காவல்படை உறுப்பினர் ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் (பாடங்களை அளக்கும் கணக்கு) வரை டியூஷன் இல்லாமல் அரசுக் கல்லூரியில் படிக்கலாம். அவர்களும் முதலில் ஃபாஃப்சா போட்டு, கிடைக்கிற மற்ற உதவித்தொகைகளைக் கழித்த பிறகுதான் தள்ளுபடி.

உங்கள் மகளுக்கு இரண்டு வழி. ஒன்று, ரிசர்விலிருந்து காவல்படைக்கு மாறுவது. அதற்கு இப்போதைய யூனிட் விடுவிக்கச் சம்மதித்து டிடி 368 என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் கேட்பதில் தவறில்லை. காவல்படையில் அவள் வேலைக்கு ஏற்ற காலியிடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். இரண்டாவது, ரிசர்விலேயே இருந்துகொண்டு மத்திய அரசு உதவிகளை முழுதாக வாங்குவது. பலரும் அதையே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த கேள்வியில் அதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: மாநில உதவி வாங்கினால் ஜிஐ பில் கிடையாது என்று என் ரூம்மேட் சொல்கிறான். இரண்டில் ஒன்றுதானா? (மாணவர், மாசசூசெட்ஸ் காவல்படை)

பதில்: இல்லை தம்பி, உன் நண்பன் குழப்பிக்கொண்டிருக்கிறான். ஜிஐ பில் என்பது படையில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மத்திய அரசு தரும் படிப்புதவி. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்கள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான்.

ரிசர்வ், காவல்படை ஆட்களுக்கானது மாண்ட்கோமரி ஜிஐ பில், 1606ஆவது அத்தியாயம் என்பார்கள். ஆறு வருட ஒப்பந்தம் போட்டு ஆரம்பப் பயிற்சியை முடித்தவருக்கு, முழு நேரம் படித்தால் மாதம் 500 டாலருக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 36 மாதம் வரை வரும். இது கல்லூரிக்குப் போவதில்லை, நேராக உன் கணக்குக்கு வரும். உன் மாநிலம் டியூஷனைப் பார்த்துக்கொள்கிறது (மாசசூசெட்ஸில் மாநிலக் கல்லூரிகளில் டியூஷனும் கட்டணமும் சேர்த்தே தள்ளுபடி, நீ கொடுத்து வைத்தவன்), இந்தக் காசு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும். இரண்டும் சேர்ந்தே வரலாம். ஒப்பந்தத்தில் "கிக்கர்" என்று ஒன்று எழுதியிருந்தால் மாதம் 100 முதல் 350 டாலர் வரை கூடுதல். படையை விட்டு விலகினால் 1606 பொதுவாக அன்றோடு நின்றுவிடும்.

9/11க்குப் பிந்தைய ஜிஐ பில் என்பது வேறு, அது பெரியது. அதற்கு 90 நாளாவது முழு நேரப் பணிக்கு அழைக்கப்பட்டிருக்க வேண்டும், ஆரம்பப் பயிற்சி நாட்கள் அந்த 90இல் சேராது. 90 நாள் என்றால் பலனில் 50 சதவீதம், ஆறு மாதம் என்றால் 60, மொத்தம் 36 மாதப் பணி சேர்ந்தால் 100. மாநில ஆளுநர் மாநிலச் செலவில் கூப்பிட்ட நாட்கள் இதில் சேராது. வெள்ளத்தில் இரவு பகலாக மூட்டை அடுக்கிய பையன்கள் இதைக் கேட்டு முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இவை போக மத்திய அரசின் டியூஷன் உதவி, ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை, வருடத்துக்கு ஓர் உச்சவரம்போடு. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும், தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. இளங்கலையில் சி கிரேடுக்குக் கீழே போனால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

1606க்கு உன்னிடம் இருக்க வேண்டிய தாள் டிடி 2384, தகுதி அறிவிப்புப் படிவம், அதை உன் யூனிட் தரும். போன வருடம் ஒரு பையன் எங்கள் அலுவலகத்துக்கு அதைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எட்டாக மடித்து ஆறு மாதம் வைத்திருந்ததில் மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுந்து, அந்த இடத்தில் தாள் பொடிந்து ஓட்டையாகியிருந்தது. புதிய தாளுக்கு யூனிட்டில் எழுதிக் கேட்டு வாங்க ஏழு வாரம் ஆனது, அந்த ஏழு வாரமும் அவன் வாடகைக்குக் கடன் வாங்கினான். போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் போதும்.

கேள்வி: அக்கா, நான் எச்-4 விசாவில் (அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறேன், 19 வயது. அப்பாவின் கிரீன் கார்டு வரிசை எங்கேயோ நிற்கிறது. டெக்சஸ் காவல்படையில் சேர்ந்தால் படிப்புக்கும் வழி, குடியுரிமைக்கும் வழி என்று யூடியூபில் பார்த்தேன். ஹேசல்வுட் சட்டத்தில் 150 கிரெடிட் இலவசம் என்றும் சொல்கிறார்கள். (ஃபிரிஸ்கோ மாணவர்)

பதில்: தம்பி, நீ பார்த்தது பழைய வீடியோவாக இருக்க வேண்டும். இப்போது சேர முடியாது. குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் மட்டும்தான் சேரலாம்.

ஒரு காலத்தில் வழி இருந்தது. மாவ்னி என்று ஒரு திட்டம், 2008இல் அறிவித்தது. ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களை, கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 10,000க்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகச் சேர்ந்தார்கள். 2016இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்னணிச் சோதனையில் மாட்டி வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் பலர், நீதிமன்றம் வரை போனது. அதைச் சொல்லி யாராவது உன்னிடம் பணம் கேட்டால் கொடுக்காதே.

ஹேசல்வுட்டும் நீ நினைப்பது இல்லை. டெக்சஸிலிருந்து படையில் சேர்ந்து, பயிற்சி நீங்கலாக 181 நாளாவது முழு நேரப் பணி செய்து, நல்லபடியாக வெளியே வந்தவர்களுக்குத்தான் அந்த 150 கிரெடிட். வார இறுதி டிரில் மட்டும் போனவருக்கு அது கிடைக்காது. காவல்படையினருக்கு டெக்சஸில் தனியாக ஒரு டியூஷன் உதவி உண்டு, அதற்கு நிதி ஒதுக்கீட்டு வரம்பு உண்டு, எல்லோருக்கும் உறுதியில்லை.

இரண்டு வயதில் இங்கே வந்து, இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த ஊர்க் கொடிக்கு முன்னால் தினமும் நின்ற பிள்ளை, 21 வயதானதும் அப்பாவின் விசாவிலிருந்து விழுந்துவிடுகிறது. உன்னை மாதிரிப் பிள்ளைகள் எங்கள் மேஜைக்கு வந்து எழுந்து போன பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. 21க்கு முன்னால் எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றி இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார், 20 வயதில் தொடங்கலாம் என்று தள்ளிப் போடாதே. கிரீன் கார்டு என்றைக்கு வந்தாலும் அன்றைக்கு இந்தக் கதவு உனக்குத் திறந்திருக்கும். படையில் ஒரு வருடம் நல்லபடியாகச் சேவை செய்தவர் வழக்கமான ஐந்து வருடம் காத்திருக்காமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேள்வி: ஓஹையோ காவல்படையில் இருக்கும் என் மகள் பயிற்சியிலிருந்து ஆகஸ்ட் மாதம் திரும்பினாள். கல்லூரி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி போய்விட்டது என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா? (கொலம்பஸ் வாசகி)

பதில்: இலையுதிர் செமஸ்டருக்கு ஓஹையோவில் கடைசித் தேதி ஜூலை 1. இந்த செமஸ்டர் போனது போனதுதான், மன்னிக்கவும். அடுத்தது நவம்பர் 1, கோடைக்கு ஏப்ரல் 1. ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியாக விண்ணப்பம், ஒரு முறை போட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். ஓஹையோ திட்டம் இல்லினாயை விட ஒரு விதத்தில் தாராளம்: தனியார் கல்லூரியில் படித்தாலும் அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரி டியூஷன் அளவுக்குத் தருவார்கள். ஒப்பந்தத்தை முடிக்காமல் பாதியில் வெளியேறினால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அவளிடம் சொல்லி வையுங்கள். இந்த செமஸ்டருக்குக் கல்லூரியிலேயே தவணை முறை இருக்கும், வட்டிக் கடனுக்குப் போவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

கேள்வி: பென்சில்வேனியா காவல்படையில் எட்டு வருடமாக இருக்கிறேன், என் படிப்பெல்லாம் முடிந்துவிட்டது. என் உதவியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா? (பிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: முடியும், அதுவும் உங்கள் மாநிலம்தான் நாட்டிலேயே முதலில் இதைக் கொண்டுவந்தது. 2019இல் வந்த சட்டம், ராணுவக் குடும்பக் கல்வித் திட்டம் என்று பெயர். மேலும் ஆறு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தால், துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பத்து செமஸ்டருக்கான படிப்புதவி. பிள்ளை இன்னும் தொட்டிலில் இருந்தாலும் உரிமை இப்போதே பதிவாகிவிடும். மறுபடி கையெழுத்துப் போடும் நாளன்று இந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேரன் சிகாகோவில் பிறந்தவன், காவல்படையில் சேரப் போகிறானாம். நான் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது வழக்கம், அதனால் எனக்குச் சந்தோஷம்தான். இது நம் டெரிட்டோரியல் ஆர்மி மாதிரியா? இனி அவன் லீவுக்கு ஊருக்கு வருவதில் சிக்கல் உண்டா, ஓசிஐ கார்டு வாங்கச் சொல்லியிருந்தேன். (வேலூர் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆமாம், கிட்டத்தட்ட அதே மாதிரிதான். 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த நம் டெரிட்டோரியல் ஆர்மியும், கோயம்புத்தூரில் இருக்கும் 110ஆவது மெட்ராஸ் பட்டாலியன் உட்பட, வேறு பிழைப்பு உள்ளவர்கள் பகுதி நேரமாக வந்து சேவை செய்கிற படைதானே. அங்கே கையில் ஒரு வேலை இருப்பவர்களை எடுக்கிறார்கள், இங்கே பள்ளி முடித்த பிள்ளையை எடுத்துப் படிக்க வைக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக இந்தியா தரும் அட்டை) விஷயம்தான் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் இந்திய அரசு ஓசிஐ வழங்குவதில்லை. இந்த விதி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, ரெக்ரூட்டருக்கும் தெரியாது, அவர் அதைச் சொல்லுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சேர்ந்த பிறகு பேரன் இந்தியா வர விசாதான் எடுக்க வேண்டும். பயணத்தை யூனிட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் டிக்கெட் போடுவது இனி நடக்காது, உங்கள் வீட்டு விசேஷத் தேதிகளை நாலைந்து மாதம் முன்னாலேயே அவனுக்குச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஓசிஐ வைத்திருந்து இப்போது படையில் சேர நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: கையெழுத்துக்கு முன்னால் இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடும் பையன், பயிற்சியில் என்ன செய்வான்? சின்ன வயதில் வீசிங் இருந்தது, அதைச் சொல்ல வேண்டாம் என்கிறார்கள், சரியா? (ஷாம்பர்க் வாசகி)

பதில்: சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். உணவுக்கூடத்தில் காய்கறி, ரொட்டி, பீன்ஸ் எல்லாம் உண்டு. களத்தில் தரும் பொட்டல உணவின் 24 வகைகளில் 4 சைவம். பயிற்சிக் கூட்டத்தில் சாப்பிடக் கிடைக்கிற நேரம்தான் குறைவு, வேகமாகச் சாப்பிட இப்போதே பழகட்டும்.

வீசிங்கை மறைக்கவே கூடாது. 13ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதியில்லை, ஆனால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் வந்து போனது என்றால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. மருத்துவப் பதிவுகளை இப்போது கணினியிலேயே எடுத்துப் பார்க்கிறார்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் பொய் சொல்லிச் சேர்ந்தான் என்று வெளியேற்றுவார்கள், படிப்புதவியும் போய்விடும், அந்தத் தாள் அவன் பின்னாலேயே வேலைக்கும் வரும். "சொல்லாதே" என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் யூனிட்டுக்கு மத்திய அரசு உத்தரவு வந்துவிட்டது, செமஸ்டர் நடுவில் கிளம்ப வேண்டும், பத்து மாதம். என் வகுப்புகள், என் இடம், கிராண்ட் எல்லாம் என்ன ஆகும்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. (மாணவர், இல்லினாய்)

பதில்: தம்பி, முதலில் அம்மாவிடம் இன்றைக்கே சொல். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால் தாங்க மாட்டார்கள்.

உன் இடம் எங்கேயும் போகாது. 30 நாளுக்கு மேல் இப்படிப் பணிக்குப் போகிற மாணவரைத் திரும்பி வந்ததும் அதே நிலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது, மொத்த விலகல் ஐந்து வருடத்துக்குள் இருந்தால் போதும். திரும்பிய முதல் வருடத்துக்குக் கட்டணத்தைக் கூட்டிக் கேட்கவும் பொதுவாக முடியாது. பணி முடிந்து மூன்று வருடத்துக்குள் "வருகிறேன்" என்று கல்லூரிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது: உத்தரவுத் தாளோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போ, மின்னஞ்சல் மட்டும் போதாது, நேரில் போ. "ராணுவ விலகல்" என்று பதியச் சொல். சாதாரண விலகல் என்று பதிந்துவிட்டால் அது உன் மதிப்பெண் பட்டியலிலும் நிதியுதவிக் கணக்கிலும் தோல்வி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அதைத் திருத்த நான் மாதக்கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறேன். செமஸ்டர் முக்கால்வாசி முடிந்திருந்தால் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனியாகப் பேசு. சிலர் முன்கூட்டியே தேர்வு வைத்து கிரேடு கொடுத்துவிடுவார்கள், சிலர் "முடிவுறாதது" என்று போட்டு வைத்துப் பிறகு முடிக்க விடுவார்கள். முழுதாக விலகும் வகுப்புகளுக்குக் கட்டிய பணம் திரும்பி வருகிறதா, கிராண்டின் எட்டு செமஸ்டர் கணக்கில் இந்த செமஸ்டர் கழிந்துவிடுமா என்று நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு.

பத்து மாதம் மத்திய அரசுப் பணி என்றால் 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில்லில் 60 சதவீதத்துக்கு நீ தகுதியாகிவிடுகிறாய். திரும்பும்போது தரும் டிடி 214 என்ற தாள்தான் அதற்கு ஆதாரம். தேதிகளை வரிக்கு வரி சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உத்தரவுத் தாள், பதிவாளர் தந்த கடிதம் இரண்டையும் மூன்று நகல் எடு, ஒன்று உன்னிடம், ஒன்று கல்லூரியில். மூன்றாவதை அம்மாவிடம் கொடு, சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.